சாவியைக் கண்டால் ஒடுங்கும் கிளி

புதுக் கிளி வீட்டுக்கு வந்து மூன்று வாரம். சங்கராபுரத்துக்கு வேலைக்குக் கிளம்ப நான் வண்டிச் சாவியை எடுத்தால் போதும், கத்துவதை நிறுத்திவிட்டுக் கூண்டின் மூலையில் ஒடுங்கிவிடும்.

"நான் போறத தாங்க முடியல, அவ்ளோ பாசம்" என்று போன வாரம் இங்கேதான் வீடியோ போட்டேன்.

அதை முன்பு வளர்த்து எங்களுக்குக் கொடுத்தவர் இன்று காலை பார்க்க வந்தார்.

"இன்னாங்க, ரொம்ப கத்துதா?"

"கிளின்னா கத்தாதாண்ணா?"

"அதுக்கு ஒரு வழி கீதுங்க" என்றவர், தன் சாவிக்கொத்தை எடுத்துக் கூண்டுக் கம்பியில் ஓங்கி நாலு தட்டு தட்டினார். கிளி தடுமாறிக் கீழே விழுந்து நடுங்கியது.

"பாத்தீங்களா, கம்முனு ஆயிடுச்சி. தெனமும் இப்டித்தான் அடக்கி வெச்சிக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், பெருமையாக!

"மொதல்ல வெளிய போங்க" என்றேன். அவருக்குப் போட்டு வைத்த டீயை சிங்க்கில் ஊற்றினேன்.

அந்த ஆளை விடுங்கள். மூன்று வாரமாகத் தினமும் அதன் முகத்துக்கு நேராகச் சாவியை ஆட்டி ஆட்டி டாட்டா சொன்னவள் நான்.

அந்த வீடியோவுக்கு ஹார்ட் போட்டீர்களே, உங்களில் ஒருத்தருக்குக்கூடவா அது நடுங்குவது தெரியவில்லை?