நீலம் மாறாத காலைகள்

இன்னொரு குழந்தைக்கு நான் ஆசைப்படலாமா? இன்றும் தெரியவில்லை.

மகள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. "இன்சுலின் சுரக்குதும்மா, உடம்புதான் அதுக்கு மசிய மாட்டேங்குது. பிரசவமானா சரியாயிடும். ஆனா அடுத்த தடவை மறுபடி வரலாம்" என்றார் தாம்பரம் டாக்டரம்மா.

பிறந்தவளைப் பார்த்து, "பூசணிக்கா மாதிரி இருக்காளே!" என்று நாத்தனார் சிரித்தாள். அன்றே குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிக் கைகால் நடுங்கியது. நர்ஸ் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்தாள்.

அவள் பள்ளிக்குப் போகும் வயதாகியும், தினமும் காலையில் நீல மருந்தில் என் சிறுநீரை விட்டுக் காய்ச்சிப் பார்க்கிறேன். சர்க்கரை இருந்தால் சிவக்கும்; நீலமாகவே இருக்கிறது.

"நல்லாத்தானே இருக்கே? அந்த ஸ்டவ்வுல காபியைப் போடேன்" என்கிறார் கணவர். எனக்கோ மடித்து வைத்த தூளிதான் நினைவுக்கு வருகிறது.

சர்க்கரை வந்தபின் இரண்டாவதும் பெற்ற சகோதரிகளே, எழுதுங்கள்: இந்த நீலத்தை நம்பலாமா?