நாடகத்தில் கேட்ட மன்னிப்பு

பிரெஞ்சு நாட்டில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் உணவகத்துக்குச் சாப்பிட வரும் ஒருவர், இங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சிக்கு நாடகம் எடுப்பவர். விவாகரத்தான தகப்பனும், அவரோடு பேசாத பதினாறு வயது மகளும்தான் அவருடைய புதிய கதை.

"அண்ணை, உங்கடை முகம் அப்பாவுக்குப் பொருந்தும்" என்று என்னை நடிக்க வைத்தார். என் சொந்தக் கதையும் அதுதான் என்று அவருக்குத் தெரியாது.

கடைசிக் காட்சியில் மகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டபோது உண்மையாகவே அழுதுவிட்டேன்.

நாடகம் ஒளிபரப்பான ஞாயிறு மதியம், புறநகரான சார்செலில் தாயோடு இருக்கும் என் மகளை உணவகத்துக்கு வரச் சொன்னேன். பார்த்தால் என் மனம் அவளுக்குப் புரியும் என்று நம்பினேன். அவளும் வந்து, அங்கிருந்த தொலைக்காட்சியில் எல்லோரோடும் முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"அப்பா எப்பிடி நடிச்சவர், பிள்ளை?" என்று முதலாளி கேட்டார்.

என்னிடம் எப்போதும் பிரெஞ்சிலேயே பேசுபவள், அன்று எல்லோருக்கும் விளங்கத் தமிழில் சொன்னாள்.

"அப்பா அம்மாவுக்கு அடிக்கேக்கை நான் குறுக்கை போய் என்ரை கை முறிஞ்சது. ஆரோ ஒரு பிள்ளையிட்டை அழுது மன்னிப்புக் கேக்கிறார். என்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை."

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவள் பின்னால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

நாடகத்தில் அந்தப் பிள்ளை என்னை மன்னித்துவிடும் என்று முன்பே எழுதியிருந்தது. அதனால்தான் அங்கே அழ முடிந்தது. என் மகள் என்ன சொல்வாள் என்று தெரியாததால், இன்றுவரை நான் அவளிடம் கேட்கவில்லை.