வாயாடி கேட்ட ஸ்டூல்

கால் ஆடி ஆணி அடித்த அந்த மர ஸ்டூலைத் தூக்கிப் போடச் சொல்லி மகள் தினமும் நச்சரிக்கிறாள். வாயாடி காதில் வாங்கினால்தானே? ஐம்பது வயதிலும் அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள். வாயாடி என்பது ஜவுளிக்கடை அவளுக்கு வைத்த பெயர்; ஸ்டூலும் பழசென்று அந்தக் கடை கழித்தபோது அவள் கேட்டு வாங்கி வந்ததுதான். என்ன காலம் அது, போங்கள்!

அப்போது அவளுக்குப் பத்தொன்பது. அந்தக் கடையின் சட்டைத்துணிப் பிரிவில் பதினொரு வருடம் நின்ற அக்கா, காலில் நரம்பு சுருண்டு புண்ணாகி வீட்டோடு கிடந்தாள். அதே இடத்துக்குத்தான் தங்கை வேலைக்குப் போனாள். காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை யாரும் உட்காரக் கூடாது. கால் கடுத்தால் கடைசி டிரையல் ரூமில் ஒருத்தி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் தரையில் உட்காருவாள்; வெளியே இன்னொருத்தி காவல். மேனேஜர் வந்தால் ஹேங்கரால் கதவில் இரண்டு தட்டு. அந்தத் திருட்டுத்தனத்தில்தான் எத்தனை சிரிப்பு!

வருடத்துக்கு ஒருமுறை முதலாளி எல்லோரையும் கூட்டி, "ஏதாவது குறை இருக்காம்மா?" என்பார். "ஒண்ணும் இல்லைங்க" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கலைவது வழக்கம். அந்த வருடம் இவள் கையைத் தூக்கினாள்.

"உட்கார ஒரு ஸ்டூல் வேணுங்க. எங்கக்கா காலு போனதே இங்க நின்னுதான்."

"கஸ்டமர் நிக்கறப்ப நீங்க உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்?"

"நாங்க நிக்கறப்ப நீங்க உட்கார்ந்துதானே ஐயா பேசறீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். வந்தது வினை! மறுநாளே அவளை மாடி குடோனுக்குத் தூக்கியடித்தார் மேனேஜர். பேச்சுத்துணை இல்லாமல் தானாகவே ஓடிவிடுவாள் என்று நினைப்பு. ஆனால் மகா புத்திசாலி ஒன்றை மறந்துவிட்டார். குடோன் முழுக்கத் துணிமூட்டைகள். எதில் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்கார்ந்தாள்தான், மனம்தான் ஒட்டவில்லை. வேலை போனால் அக்காவின் மருந்துக்கு யாரிடம் போய் நிற்பது என்ற கவலை வேறு.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கூட்டம் அள்ளுகிற நாள். கடை திறந்த கையோடு இருபத்திரண்டு பெண்களும் மேனேஜர் அறை முன் வந்து நின்றார்கள்.

"சார், எங்களையும் குடோனுக்கு மாத்திடுங்க."

"என்ன, விளையாடறீங்களா?"

"இல்ல சார், கால் வலிக்குது."

மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டார். அடுத்த வாரமே பிரிவுக்கு ஒரு ஸ்டூல் வந்தது. வாயாடியும் கீழே வந்தாள்.

அன்று மதியம் அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, பதினொரு வருடம் நின்ற மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அக்கா ஸ்டூலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாடி? இதைக் கேக்கவா எனக்குப் பதினொரு வருஷமா வாய் வரல?"

 அதற்குள் ஒரு கஸ்டமர் வந்துவிட்டார். பழக்கதோஷத்தில் அக்கா பதறி எழப் பார்த்தாள். தங்கை தோளை அழுத்தினாள்.

"நீ உட்காருக்கா."

அக்கா உட்கார்ந்தபடியே துணியை விரித்துக் காட்டினாள்.