கீழ் மாடிப் பீரங்கி

“கப்பல்ல பதினாலு பீரங்கி. காத்து அடிச்சா எத்தனை?”

பள்ளியை முடித்து ‘ராட்னர்’ போர்க்கப்பலில் எழுத்தராகச் சேர்ந்த அன்று ஜேபஸ் பென்ரோஸ் என்னிடம் இப்படிக் கேட்டார். புதிதாக யார் வந்தாலும் இதைத்தான் கேட்பார். கேட்டுவிட்டு, இஞ்சி மிட்டாயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்.

கார்ன்வால் மீனவர் குடும்பம். வயது நாற்பத்தொன்று. முன்பக்கக் கீழ்ப் பீரங்கிக்குத் தலைவர். அவருக்குக் கீழே ஒன்பது பேர். கப்பல் வேகமாக ஓடவேண்டும் என்று அதை நீளமாகவும் ஒல்லியாகவும் கட்டிவிட்டார்கள். இடம் போதாமல் பீரங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, மாடி வீடு மாதிரி அடுக்கினார்கள். கீழ் மாடிக்கும் கடலுக்கும் ஓர் ஆள் உயரம்தான் இடைவெளி. மேல் மாடித் தலைவர் கர்னோ தினமும் காலையில் குனிந்து விசாரிப்பார்: “கீழ் வீட்டுக்காரரே, இன்னிக்கு மீன் எவ்வளவு?”

“உனக்கு முள்ளு எடுத்து வெச்சிருக்கேன், இறங்கி வா.”

குறிபார்க்கும் போட்டிகள் எப்போதும் அலையில்லாத விரிகுடாவில்தான் நடக்கும். அங்கே பென்ரோஸ்தான் முதல். அதனால் பிளிமத்தில், மனைவி லவ்டே இருக்கும் ஊரிலேயே, பயிற்சியாளர் வேலைக்கு லெப்டினன்ட் அவர் பெயரை அனுப்பியிருந்தார். அட்மிரல் பார்வையிட வரும்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று அவரிடம் சொல்லியும் வைத்தார்.

போன மாதம் அட்மிரல் வந்தார். கப்பல் திறந்த கடலில் இருந்தது; மேற்குக் காற்று. இருபது மைல் வேகம். குறிப்பேட்டோடு நான் கீழ் மாடி வாசலில் லெப்டினன்ட் பக்கத்தில் நின்றேன். அட்மிரல் உள்ளே போய், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று வழக்கம்போலக் கேட்டார். ஒன்றுமில்லை ஐயா என்பதுதான் வழக்கமான பதில். லெப்டினன்ட் பென்ரோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்ரோஸ் தன் ஆட்களை ஒருமுறை பார்த்தார். “ஒண்ணு இருக்கு ஐயா. சண்டைன்னா எப்படித் திறப்போமோ, அப்படி இந்தப் பீரங்கி வாய்க் கதவைத் திறந்து காட்டணும்.”

அட்மிரல் தலையசைத்தார். இரும்புக் கதவைத் திறந்தார்கள். முதல் அலையில் விளக்கு அணைந்தது. இரண்டாவதில் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. வெடிமருந்துப் பைகள் மிதந்தன. கதவை மூட ஒன்பது தோள்கள் போதவில்லை. யாரோ ஒருவர் கூடச் சேர்ந்து தள்ள, கடைசியில் மூடியது. மற்ற ஐந்து கீழ்ப் பீரங்கிகளுக்கும் இதே கதிதான். காற்று அடித்தால் எட்டு.

இருட்டில் பென்ரோஸ் ஒவ்வொரு தோளாகத் தொட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்பது இருக்க வேண்டிய இடத்தில் பத்து வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பத்தாவது தோளில் தங்கச் சரிகை இருந்தது. கையை எடுக்காமலே சொன்னார்: “எல்லாரும் இருக்காங்க ஐயா.”

கரை வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அறிக்கையில் அட்மிரல் என்ன எழுதினார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதே வரைபடத்தில் கட்டிய கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் உங்கள் வீட்டு ஆள் யாராவது கீழ் மாடியில் இருந்தால், தயவுசெய்து இதை அவருக்குச் சொல்லுங்கள்.