வீட்டுக்கதைக்கு நேரமில்லாத திங்கட்கிழமைகள்

பினாங்கு ஹோட்டல் ஒன்றில் நடந்த பயிற்சிக்கு எங்கள் பாஸ் போய்விட்டு வந்த பிறகுதான், இத்தனை வருடமாக நாங்கள் நடத்தி வந்தது மீட்டிங்கே இல்லை என்பது எங்களுக்குத் தெரியவந்தது. வேறு என்ன என்று கேட்டேன். "சாப்பாட்டுக் கடை லா" என்றார் பாஸ்.

சுங்கைப் பட்டாணியில் எங்களுடையது சின்ன பஸ் கம்பெனி. மெர்போக், சுங்கை லாலாங், கோலா கெத்தில் பக்கமெல்லாம் போய் விடியற்காலையில் ஆட்களை ஏற்றி வந்து தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவோம். வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுவோம். ஆபீஸ் வேலை முழுக்க என் தலையில். கணக்கு பார்க்க ஓர் அக்கா இருக்கிறார். ஓட்டுநர்களுக்கெல்லாம் மூத்தவராக ஓர் அண்ணன். பாஸின் அப்பா காலத்து ஆள் என்பதால் பாஸை இன்றைக்கும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். பாஸோடு சேர்த்து நாங்கள் நால்வரும் உட்கார்ந்தால் அதுதான் திங்கட்கிழமை மீட்டிங்.

அந்தப் பழைய மீட்டிங்குக்கு நேரம் என்று எதுவும் கிடையாது. கீழே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையிலிருந்து ரொட்டி சானாய் மேலே வந்தால் மீட்டிங் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாஸ் முதல் வாயைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே ஒவ்வொருவரையும் கேட்பார்: "வீட்ல எப்படி?" அவ்வளவுதான், மடை திறந்துவிடும். அக்காவின் மருமகன் கதை வாரா வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். என் மாமியார் பக்கத்து வீட்டு டுரியான் மரத்தோடு நடத்தும் சண்டையை நான் சொல்வேன். மரத்தோடுதான் சண்டை, வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை நின்று பல காலம் ஆகிவிட்டது. அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஆனால் கேட்டால் சொல்வார். தட்டெல்லாம் காலியான பிறகு பஸ் விஷயங்களைக் கால் மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டு எழுந்து போவோம்.

இதில் ஒரு மரியாதை இருந்தது. எங்கள் ஆட்கள் யாரும் தானாகப் போய்த் தன் வீட்டுக் கஷ்டத்தை முதலாளியிடம் சொல்லமாட்டார்கள். சொன்னால் கையேந்தியது போல ஆகிவிடும். முதலாளி கேட்டால் சொல்லலாம். அப்போது அது வெறும் பேச்சு. கேட்பது அவர் வேலை, சொல்வது நம் வேலை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பயிற்சியிலிருந்து வந்த பாஸ் முதல் வேலையாக ஒரு வெள்ளைப் பலகை வாங்கிச் சுவரில் மாட்டினார். பேச வேண்டிய விஷயங்களை முன்கூட்டியே அதில் எழுதிவிட வேண்டும். எழுதியதைத் தாண்டிப் பேசக்கூடாது, எழுதியதைப் பேசாமல் விடவும் கூடாது. முடிவெடுத்ததை மறுபடி கிளறக்கூடாது. ரொட்டி, மீட்டிங் முடிந்த பிறகுதான். வீட்டுக்கதை அறவே கூடாது. பலகையில் எழுதுவதும் நேரம் பார்ப்பதும் என் பொறுப்பு. நேரம் முடிந்தால் என் கைபேசி சேவல் மாதிரி கூவும்.

கொஞ்சம் அதிகாரம் கையில் கிடைத்ததும் நான் ஆளே மாறிப்போனேன். அக்கா மூச்சு வாங்க வாயைத் திறந்தாலே கைபேசியைத் தூக்கிக் காட்டுவேன். ஒருமுறை பாஸ் பேசும்போதே சேவல் கூவிவிட்டது. அவர் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு எனக்கு நன்றி வேறு சொன்னார். அன்றைக்கு இரவு சமைக்கும்போதுகூடப் பாட்டு பாடிக்கொண்டிருந்ததாக என் கணவர் சாட்சி சொல்வார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், மீட்டிங் பிரமாதமாக நடந்தது. ரொட்டி ஆறுவதற்குள் முடிந்துவிடும். யாரும் யார் பேச்சிலும் குறுக்கிடவில்லை. எல்லாவற்றுக்கும் எல்லாரும் "ஓகே லா" என்றார்கள். பாஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் மருமகன் மட்டும் எங்கே போவார்? மீட்டிங் முடிந்ததும் அக்கா என் பின்னாலேயே தேநீர் கலக்கும் மூலைக்கு வந்து, அவர் கதையை அங்கே வைத்து எனக்கு மட்டும் சொல்லத் தொடங்கினார். பழைய மீட்டிங்கில் மூன்று பேர் பகிர்ந்துகொண்ட சுமை அது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை பலகையில் ஜொகூர் என்று எழுதினேன். ஜொகூருக்கு ஒரு நீண்டதூர ஓட்டம் கிடைத்திருக்கிறது, போனால் அங்கேயே இரண்டு மூன்று இரவு தங்கி வர வேண்டும், அனுபவமுள்ள கை வேண்டும், அண்ணன்தான் போக வேண்டும் என்றார் பாஸ்.

"ஏதாச்சும் பிரச்சனை இருக்கா அண்ணே?"

"இல்ல தம்பி. ஓகே லா."

சேவலுக்கு வேலையே இல்லாமல் முடிந்தது. பாஸ் பலகையில் அதற்கு நேராகப் பெரிதாக ஒரு சரி போட்டார்.

தேநீர் மூலையில் அக்கா அன்றைக்கு மருமகனைத் தொடவே இல்லை.

"உனக்கு விஷயம் தெரியாதா? அண்ணன் சம்சாரத்துக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சு. வாரத்துக்கு மூணு தடவ டயலிசிஸ். மகன் சிங்கப்பூர்ல இருக்கான். அது முடிஞ்சு வந்தா அவங்களால நிக்கக்கூட முடியாது. வீடு வேற மாடியில. இவர்தான் கைத்தாங்கலா தூக்கிட்டுப் போறாரு. இவரு ஜொகூர் போயிட்டா யாரு பாக்குறது?"

"எப்போலேருந்துக்கா இது?"

"உன் சேவல் கூவ ஆரம்பிச்சதுலேருந்து."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அக்கா மேலேயே காட்டினேன். "பாஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு லா. பாவம் பாத்து குடுத்த வேலைன்னு நாளைக்கு நாலு பேரு பேசக்கூடாதாம். நீயும் சொல்லிடாத."

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. பாஸ் கெட்டவர் இல்லை. ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அண்ணனை அனுப்பவே மாட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எங்கள் கம்பெனியில் இடமில்லாமல் போயிருந்தது. அக்கா செய்த சத்தியத்தை உடைத்தால் அண்ணன் வேலையை விட்டுவிட்டே போகக்கூடியவர், அந்த அளவுக்கு ரோஷக்காரர். அண்ணன் பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் முகத்தைப் பார்ப்பேன். எதுவும் தெரியாது. சட்டை மட்டும் இஸ்திரி போடாமல் இருக்கும். அதை நான் முன்பே பார்த்திருந்தும் என்ன ஏது என்று யோசித்ததில்லை.

சொல்லத்தானே கூடாது, கேட்க வைக்கலாமே என்று ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது தோன்றியது. அடுத்த நாள் ஆபீஸுக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ப் பலகையில் முதல் வரியாக, கொட்டை எழுத்தில் எழுதினேன்: வீட்ல எப்படி?

அதற்குக் கீழே ஜொகூர் புறப்படும் நாள், டயர் மாற்றுவது, மற்றவை.

பாஸ் உள்ளே வந்து பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அஜெண்டா, பாஸ்."

"விளையாடறியா? அழிச்சிரு."

"எழுதினத பேசாம விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு மேசைக்கு அடியில் எதையோ தேடினார். பாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட எரிச்சல் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் கைபேசியை மேசைமேல் வைத்து, மூன்று நிமிடம் என்றேன்.

"சரி, சீக்கிரம் முடிப்போம். அண்ணே, வீட்ல எப்படி?"

கடமைக்குக் கேட்ட கேள்விதான். அண்ணன் பலகையைப் பார்த்தார், அப்புறம் தன் கைகளைப் பார்த்தார். எங்கே "ஓகே லா" என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

"அவளுக்கு முடியல தம்பி" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கால் வீங்கியது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது, டாக்டர் சொன்னது, டயலிசிஸ் தொடங்கியது. ஒரே குரலில், டயர் விஷயம் பேசுவதுபோலத்தான் சொன்னார். நடுவில் சேவல் கூவப் பார்த்தது. நான் கைபேசியை அணைத்துக் கைப்பைக்குள் போட்டேன். பாஸ் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

"இத்தன நாளா ஏன்ணே என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே தம்பி."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாஸ் எழுந்து போய், ஜொகூர் என்று எழுதியிருந்ததை உள்ளங்கையாலேயே தேய்த்து அழித்தார். கையெல்லாம் கறுப்பு மை. முடிவெடுத்ததைக் கிளறக்கூடாது என்ற சட்டத்தை எடுத்துச் சொல்லலாமா என்று என் நாக்கு துறுதுறுத்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

"ஜொகூருக்கு நான் போறேன். என் பஸ் லைசன்ஸ் இன்னும் சாகல" என்றார். அப்புறம் அண்ணன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எந்தெந்தக் கிழமை கூட்டிட்டுப் போறீங்க?"

"திங்கள், புதன், வெள்ளி."

பாஸ் மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்குத் திங்கக்கிழமை அண்ணே."

"ஆமா. காலை ஓட்டம் முடிச்சதும் கொண்டுபோய் விட்டுட்டுதான் வந்தேன்."

"அங்க கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அவங்கள தனியா விட்டுட்டு, இத்தன திங்கக்கிழமையும் நீங்க இங்க வந்து என்ன பண்றீங்க?"

அண்ணன் இதையெல்லாம் போய் ஒரு கேள்வி என்று கேட்கிறாரே என்பதுபோல அவரைப் பார்த்தார்.

"மீட்டிங் இருக்குல்ல, தம்பி."