மணலைத் தட்டிட்டு ஏறுங்க

நிறுத்திய வண்டியின் நான்கு டயரையும் காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் மாமா நிமிர்வார். அன்றும் தட்டினார். பயணத்தின் நடுவில் இளைப்பாற ஒரு நாளைக்கு நாங்கள் வாடகைக்குப் பிடித்த கடற்கரை வீட்டு வாசல் அது. எல்லோரும் உள்ளே ஓட, அவர் மட்டும் வேனை மறுபடி கிளப்பி, மூக்கு சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். "எப்பக் கெளம்பணும்னாலும் சட்டுனு எடுத்துரலாம்ல?" வந்து இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை!

மாமா என் அக்காவின் கணவர். சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். ஜனங்களைக் கடலோரத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் கூத்தடித்துத் திரும்பும்வரை வண்டிக்குக் காவல் இருப்பார். கடல் என்றால் அவருக்குப் பயணிகளின் காலில் ஒட்டிக்கொண்டு வருகிற மணல், அவ்வளவுதான். படிக்கட்டருகே அதற்கென்றே ஒரு பழைய பிரஷ் தொங்கும். "மணலைத் தட்டிட்டு ஏறுங்க! சீட்டுக்கடியில போச்சுன்னா ஒரு வாரம் பெருக்கணும்!" இந்த அதட்டலுக்குத் தேனிலவு வந்த புது மாப்பிள்ளைகூடக் காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

ஆனால் அவர் கடலில் கால் நனைத்ததே இல்லை. அக்காவுக்கு இது நெடுநாள் மனத்தாங்கல். மறுநாள் காலையில் மலைப்பக்கம் கிளம்பியாக வேண்டும். கையில் இருப்பதோ ஒரே ஒரு சாயங்காலம். இன்று எப்படியும் ஆளைத் தண்ணீரில் இறக்கிவிடுவது என்று அக்கா, அவள் மகள், நான் மூவரும் ஒரே கட்சி ஆனோம்.

எனக்கே இருப்புக்கொள்ளவில்லை. மாமாவோ சாக்குமேல் சாக்கு சொன்னார். என்ஜின் சூடு ஆறவில்லையாம். கண்ணாடியில் உப்புக்காற்று படிந்துவிட்டதாம். கொஞ்சம் படுங்கள் என்றால், சாவி இருக்கும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். ஆனால் அலைச் சத்தம் எழும்போதெல்லாம் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியதை நான் பார்த்துவிட்டேன். ஆசை இருக்கிறது மனுஷனுக்கு!

"வாங்கப்பா, அலை பெருசா வருது!" மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வண்டி தனியா நிக்குதே, கண்ணு."

அக்கா எழுந்து உள்ளே போனாள். உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து, வேன் கதவருகே போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க. வண்டிய நான் பாத்துக்கறேன். நீங்க போங்க."

மாமா திருதிருவென்று விழித்தார். அவர் தொழிலில் இப்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை. சாவியைக் கொடுத்தார். செருப்பைக் கழற்றி முன் டயரை ஒட்டி ஜோடியாக வைத்தார். பேண்டை முழங்கால்வரை சுருட்டினார். சிறிது தூரம் போய் வேனைத் திரும்பிப் பார்த்தார். அக்கா கையை வீசி விரட்டினாள். அப்புறம் அவர் திரும்பவில்லை. நடை ஓட்டமானது. மகளும் நானும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம்.

ஒரு அலை வந்து கணுக்காலைச் சுற்றிக்கொண்டு பின்வாங்கியது. மாமா இரண்டு கையாலும் இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டேய் மாப்ள! காலுக்கடியில மணல் ஓடுதுடா! ஹேண்ட் பிரேக் போட்டு நின்னாலும் வண்டி நகருதுடா!"

வாயெல்லாம் பல். அடுத்த அலையில் சட்டையோடு உட்கார்ந்தே விட்டார். பொழுது சாய்ந்தும் அவரைக் கரையேற்ற முடியவில்லை. "போதும்ப்பா, குளிருது" என்று மகள்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

காலையில் பெட்டிகளை ஏற்றும்போது ஆளைக் காணோம். தேடக் கிளம்புவதற்குள் கடல் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. முழங்கால்வரை ஈர மணல். மகள் படிக்கட்டை மறித்து நின்று பிரஷை நீட்டினாள்.

"மணலைத் தட்டிட்டு ஏறுங்க!"

மாமா பிரஷை வாங்கினார். ஒருமுறை தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு பிரஷை அதன் ஆணியிலேயே மாட்டிவிட்டு, அப்படியே ஏறி உட்கார்ந்து, மணல் ஒட்டிய வெறுங்காலால் கிளட்சை மிதித்தார்.