காந்தம் போட்டால் குறையும் மின்சாரம்

சில படிகங்களின் மேல் வெளிச்சம் பட்டால் அவற்றில் மின்சாரம் ஓடும். அப்போது பக்கத்தில் காந்தம் இருந்தால் அந்த மின்சாரம் எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் ஊட்டிக் கல்லூரியில் என் ஆராய்ச்சி. பட்டம் வந்தால் அங்கேயே விரிவுரையாளர் வேலை. வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. கோத்தகிரியில் என் மனைவி எனக்கும் சேர்த்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

படிகத்துக்கு மேலே ஒரு பல்பு. இரண்டு பக்கமும் கம்பி சுற்றிய பெரிய மின்காந்தம். காந்தத்தின் சுவிட்சைப் போட்டால் மீட்டர் முள் இறங்கும், அணைத்தால் ஏறும். எத்தனை முறை போட்டாலும் இறங்கியது. என் வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வுபெறப் போகிறவர். முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுக்கும் முன் அவர் கோவையிலிருந்து இன்னொரு பேராசிரியரை, தன் நண்பரை, வரவழைத்தார். வந்தவர் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு நின்றார். நான் சுவிட்சைப் போட்டேன். அவர் முள்ளைப் பார்க்கவே இல்லை.

"ஏனுங்க, காந்தத்தப் போட்டா பல்பு மங்குதுங்களே?"

மங்கியதுதான். காந்தமும் பல்பும் ஒரே லைனில் இருந்தன. காந்தம் இழுத்த இழுப்பில் வோல்டேஜ் இறங்கி, வெளிச்சம் குறைந்து, படிகத்தின் மின்சாரமும் குறைந்திருக்கிறது. என் பேராசிரியரும் நானும் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். தேயிலை ஃபேக்டரியில் மோட்டார் ஓடினால் ஊர் முழுக்க விளக்குகள் அழுது வடியும். அதிலேயே படித்து, அதிலேயே சாப்பிட்டு வளர்ந்த கண்களுக்கு மங்கல் ஒரு விஷயமாகவே படவில்லை.

மறுநாள் பல்புக்குப் பதில் லாரி பேட்டரியில் எரியும் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டிவிட்டுக் காந்தத்தைப் போட்டேன். முள் அசையவில்லை.

"இன்னொருக்கா போடுங்க" என்றார் என் பேராசிரியர். போட்டேன். படிகத்தைத் திருப்பி வைத்தும் போட்டேன். உண்மையான மாற்றம் ஏதாவது இருக்கலாம்; எங்கள் காந்தத்துக்கும் மீட்டருக்கும் அது எட்டாது. பெரிய காந்தம் கேட்டு எழுதினாலும் அவர் ஓய்வு பெறுவதற்குள் வரப் போவதில்லை.

"ஒண்ணுமில்லைன்னே எழுதலாமுங்க. அதுவும் ஒரு முடிவுதானுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஒன்றுமில்லை என்பதற்கு யாரும் பட்டம் தரமாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் எங்கள் கருவி சரியாக வேலை செய்திருந்தது.